மூன்றாம் கியர் நிற்காத பங்குனி

என் மருமகள் ஓட்டும் காரில் கியர் மாற்றுகிற வேலையே கிடையாது. காலை அழுத்தினால் போகிறது, எடுத்தால் நிற்கிறது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து வருவேன். ஏதாவது ஒரு சரிவில் வண்டி இறங்கும்போது என் வலது கை தானாக எழுந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் குட்டிப் பிடியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். "அத்தை, கைய எடுங்க, ஏதாவது ஆயிடப் போகுது" என்பாள் அவள். எடுத்துவிடுவேன். அடுத்த சரிவில் மறுபடியும் போய்விடும். முட்டி வலி, சர்க்கரை, தூக்கம் வரவில்லை என்று நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் பட்டியல் போடும் என் வயதுக்காரிகளே, உங்கள் உடம்பு எத்தனையோ விஷயங்களை மறந்திருக்கும். என் கை மட்டும் பத்து வயதில் பார்த்த உத்தியோகத்தை இன்னும் ராஜினாமா செய்யவில்லை.

என்ன உத்தியோகம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் காரின் மூன்றாம் கியர் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது.

அப்போது நாங்கள் பாகூருக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குக் கரும்பு, கொஞ்சம் நெல். கார் வைத்துக்கொள்கிற வசதியெல்லாம் எங்களுக்குக் கிடையாது, தேவைதான் இருந்தது. அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். பஸ் படி அவளுக்கு ஏற முடியாத உயரம். ஒருமுறை ஏறப் போனபோது, பாதிக் கால் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட, ரோட்டில் விழுந்து அவளுக்கு முன்பல் உடைந்தது. அடுத்த மாதமே அப்பா புதுச்சேரிக்குப் போய் ஒரு சொல்தாவிடமிருந்து பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கி ஓட்டிவந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம்.

அடுத்த வீட்டுப் பெரியப்பா வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "கால் செரியில்லாத பொண்ணு பள்ளிக்கூடம் போறதுக்கு காரு. அடுத்து இன்னா, கப்பலா?" என்றார்.

அப்பா அக்காவைத் தூக்கிப் பின் சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்து, ஏரிக்கரை வரை ஒரு சுற்று ஓட்டிக்கொண்டுபோனார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். பெட்ரோலும் பழைய ரெக்ஸினும் கலந்த அந்த வாசனை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போய்விட்டது. முன் சீட்டு என்னுடையது என்று அப்போதே முடிவாகியும் விட்டது.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர், சாமி கும்பிடாதவர். அம்மா அதற்கும் சேர்த்துக் கும்பிடுகிறவள். கார் வந்த அன்று அம்மா முன் சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா அதை எடுத்து, உள்ளே போய், சர்க்கரை போட்டுப் பிழிந்து குடித்துவிட்டு வந்தார். அக்காவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அதை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தால் அந்த முகம் தெரிகிறது. எல்லாம் அந்த ஒரு டம்ளர் ஜூஸில் ஆரம்பித்ததுதான்.

அக்கா பத்தாவது போன வருடம், ஆனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். ஊர் எல்லையம்மனுக்கு வேண்டுதல். அக்கா பத்திரமாகப் போய்வந்து பாஸ் செய்தால் முடிந்து வைத்ததை எல்லாம் கொண்டுபோய்ச் செலுத்துவதாக.

"இது வண்டியிலயே இருக்கணும்டி. அவ போற எடமெல்லாம் கூடப் போவணும். ஒங்கப்பன் கண்ணுல படாத எடமா பாத்து வச்சிடு. அவருகிட்ட மூச்சு வுடாத."

அப்பா கண்ணில் படாத இடம் அந்தக் காரில் ஒன்றே ஒன்றுதான். கியர் ராடின் அடியில், தரையோடு சேர்த்து ஒரு தோல் உறை இருக்கும். அதன் முன்பக்கத் தையல் விட்டுப்போய் என் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் முடிச்சைத் திணித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் எனக்கென்று ஒரு ரகசியம் இருந்ததே கிடையாது.

மாதம் ஒரு முடிச்சு. ஓட்டை முன்பக்கம் இருந்ததால் எல்லாம் முன்பக்கமே போய்க் குவிந்தன. தை பிறந்து, கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும்போதுதான் கியர் முதல் தடவை குதித்தது. அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ராடு 'தடக்' என்று துள்ளி நடுவுக்கு வந்து நின்றது. இன்ஜின் மட்டும் தனியாக ஊளையிட்டது. அப்பா மறுபடி மூன்றாம் கியரைத் தள்ளினார். கொஞ்ச தூரம் போனது, மறுபடி தடக். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. முதல் கியரும் சில நேரம் அப்படிச் செய்யும், ஆனால் அது வண்டி கிளம்பும்போது மட்டும்தானே. மூன்றாம் கியரில்தான் பாதி வழி போக வேண்டும்.

"நீ புடிச்சிக்கடா கண்ணு" என்றார் அப்பா என்னிடம். பெண் பிள்ளையை டா போட்டுக் கொஞ்சுவது அவர் பழக்கம்.

அப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. அப்பா கியர் போட்டதும் நான் இரண்டு கையாலும் ராடை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். உள்ளங்கை முழுக்க இன்ஜினின் நடுக்கம் ஏறும். இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் விரல்கள் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். வகுப்பில் என் எழுத்து கோணல் என்று டீச்சர் குட்டுவார்கள். காரணத்தைச் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

கியர் துள்ளுகிறது என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாதம் ஒன்று என்று இருந்தது வாரம் ஒன்று ஆனது. நானும் ஒவ்வொன்றாகத் திணித்தேன். கியர் மேலும் துள்ளியது. அம்மா மேலும் முடிந்தாள். இப்போது சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அப்போது உயிர் போயிற்று.

வில்லியனூரில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டார். கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கும் குண்டும் தேய்ந்துவிட்டன என்று மாற்றினார். மாற்றியதும் ஓட்டிப் பார்த்தார்கள். அருமையாக நின்றது. தோல் உறையை மாட்டி வண்டியைக் கொடுத்தார். ஊர் வந்து சேர்வதற்குள் நாலு முறை தடக். மறுவாரம் திரும்பவும் இறக்கினார். இந்த முறை கியரை நகர்த்தும் கவட்டையையே மாற்றினார். ஷெட்டு வாசலில் ஓட்டினால் கல் மாதிரி நிற்கிறது. எங்கள் ஊர் ரோட்டில் ஏறினால் நிற்க மாட்டேன் என்கிறது.

"அவன் ஷெட்டுல மட்டும் நிக்கிற கியரு எனக்கு எதுக்கு? ஏமாத்துறான்" என்றார் அப்பா. இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஷெட்டுக்கு எதிர் டீக்கடையில், பத்துப் பேர் நடுவில் சொன்னார்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டில கொற இல்லீங்க. போடுற கையிலதான் கொற" என்றார்.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

பங்குனி பிறந்துவிட்டது, பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது. அந்த வருடம் அக்காவுக்கு எழுதும் இடம் வில்லியனூர் என்று வந்திருந்தது. இடத்தை முன்கூட்டியே காட்டிவிட்டு வரலாம் என்று அப்பா எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஆற்றுக்குள் இறங்கி ஏறும் தரைப்பாலம் ஒன்று. நல்ல வெயில். என் கை வியர்த்து வழுக்கியது. இறக்கத்தில் பாதி போயிருப்போம், ராடு என் கையை உதறிவிட்டுத் துள்ளியது. கார் பிடிப்பில்லாமல் ஓட ஆரம்பித்தது. எதிரே கரும்பு பாரம் ஏற்றிய மாட்டு வண்டி. அப்பா பிரேக்கை மிதித்தபடியே ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் மணலில் இறங்கி, வேலிக்காத்தான் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. பின் சீட்டில் கிடந்த அக்கா உருண்டு கீழே விழுந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை.

"கெட்டியா புடிக்க மாட்டியா?" என்றார் அப்பா என்னைப் பார்த்து. என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. பயத்தில் சொன்னது என்று இப்போது புரிகிறது. அப்போது, அக்காவைக் கொல்லப் பார்த்தது என் கைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். "வண்டிய வித்துடு தம்பி. பொண்ணு இது வரைக்கும் படிச்சதே போதும். பரீட்ச எழுதி கலெக்டரா ஆவப் போறா?"

அப்பா எப்போதும் போல அவரை விரட்டுவார் என்று காத்திருந்தேன். விரட்டவில்லை. "இனிமே அவள வச்சிக்கினு ஓட்ட எனக்கு தைரியம் இல்லண்ணா" என்றார்.

அக்கா பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிராமலே, "நா பஸ்ல தவந்து ஏறியாவது போவேன்" என்றாள். ஆறு மாதமாக விடிவதற்கு முன் எழுந்து படித்தவள் அவள். அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை அம்மா இன்னொரு முடிச்சைக் கொடுத்தாள். அப்பா கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தார். முள் கீறிய கார் வேப்பமரத்தடியில் நின்றது. நான் உள்ளே ஏறி ஓட்டையில் விரலை விட்டேன். முடிச்சு போகவில்லை. இடமில்லை. சரி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒழுங்காக அடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மஞ்சள் எல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. மடி நிறைய முடிச்சு. அப்படியே சும்மா, அப்பா மாதிரி ராடை மூன்றாம் கியருக்குத் தள்ளினேன்.

'டொக்' என்றது.

அந்தச் சத்தத்தை நான் பல மாதமாகக் கேட்டிருக்கவில்லை. கார் வந்த புதிதில் ஒவ்வொரு முறையும் கேட்கும். எப்போது நின்றுபோனது என்று யாருக்குமே தெரியாது. முடிச்சுகளைத் திரும்பத் திணித்துவிட்டுத் தள்ளினேன். ராடு ஒரு விரல்கடை முன்னாலேயே மெத்தென்று எதிலோ மோதி நின்றது. சத்தம் இல்லை. எடுத்துவிட்டுத் தள்ளினேன். டொக். கியர் முழுசாக உள்ளே போய் உட்காராமலே நாங்கள் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ராடைப் போகவிடாமல் தடுத்தது நான் வைத்த முடிச்சுகள்.

சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும், அம்மனுக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டால் அக்கா பரீட்சை எழுதமாட்டாள். பத்து வயதில் இதை யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்கிறீர்கள்? மடியில் முடிச்சுகளை அள்ளிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்கு ஓடினேன். அப்பா பம்புசெட்டுத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன், எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்து.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். காரில் என்னை உட்காரவைத்து, ஏரிக்கரையில் ஏறி இறங்கி ஓட்டினார். வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். ராடு அசையவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "நேத்து ஒன்ன திட்டிட்டேன்" என்றார். எனக்கு அது போதும்.

அடுப்படியில் அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா தன் துண்டை விரித்து முடிச்சுகளை அவள் எதிரில் வைத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அப்பா நிதானமாகச் சொன்னார்.

"அப்ப நாந்தான் கெடுத்தனா?" என்றாள் அம்மா.

"கெடுக்கல. எடம் தப்பா வச்சிட்ட, அவ்ளோதான்." ஒரு முடிச்சைக் கையில் எடுத்து, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"சொன்னா அதையும் பிழிஞ்சி குடிச்சிருப்பீங்க."

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது நான் பண்ணது தப்புதான்" என்றார். சாமி விஷயத்தில் அவர் அம்மாவிடம் தோற்றதாக நான் கேட்ட ஒரே வாக்கியம் அது. சாமி உண்டு என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு. "இது அவகூடவே வரணும்னு தானே வேண்டிக்கின? பரீட்சைக்கு நீயும் வண்டில வா. மடியில வச்சிக்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. ஆளுக்கு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வில்லியனூர் போனார். நேரே டீக்கடை. அதே ஆட்கள் சிலர் இருந்தார்கள். ஷெட்டிலிருந்து பாயைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், "நான் சொன்னது தப்பு பாய். உங்க வேலையில ஒரு கொறயும் இல்ல" என்று சொல்லி, நடந்ததைச் சொன்னார்.

பாய் தலையைச் சொறிந்தார். "தப்பு என்னுதுங்க. ரெண்டு வாட்டியும் உறைய கழட்டும்போது பாத்தேன். சாமி பொருளாச்சே, எண்ணெ படக்கூடாதுன்னு தனியா எடுத்து வச்சிருந்து, கடைசியா உறைய மாட்டும்போது இருந்த மாதிரியே திருப்பி வச்சேன். அதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாத்தாச்சி. அதான் இங்க நின்னுது."

"எங்கிட்ட ஏன் பாய் சொல்லல?"

"நீங்க கறுப்புச் சட்ட. ஊருக்குத் தெரியாம வேண்டிக்கினு இருக்கீங்க போலன்னு நெனச்சேன். நாலு பேரு எதிர்ல உங்க மானத்த நான் வாங்கலாமா?"

டீக்கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. திட்டு வாங்கியபோதும் இவர் வாயைத் திறக்கவில்லையே என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பரீட்சை நாள். அம்மா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, மடியில் முடிச்சுகளோடு பின் சீட்டில் அக்காவின் காலைத் தன் தொடைமேல் வைத்து உட்கார்ந்தாள். தன் மகள் தினமும் போகும் காரில் அவள் அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. பெரியப்பா வாசலில் நின்று பார்த்தார். போகாதே என்று சொல்லவில்லை. அக்கா பாஸ் செய்ததும், அதற்கு மேல் படித்து டீச்சரானதும், பெரியப்பாவே தன் பேத்தியைக் கணக்கு சொல்லிக்கொடுக்கச் சொல்லி அவளிடம் அனுப்பியதும் பிறகு நடந்தவை. அன்று எங்களுக்குத் தரைப்பாலத்தைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

இறக்கம் வந்தது. அப்பா மூன்றாம் கியர் போட்டார். டொக். "கைய எடுடா" என்றார். என்னால் எடுக்க முடியவில்லை. விரல்கள் கழன்று வர மறுத்தன. அக்கா பின்னாலிருந்து எக்கி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கார் இறங்கியது. தண்ணீர் ஓரமாகப் போய், மேலே ஏறியது. நாங்கள் நான்கு பேரும் ரோட்டைப் பார்க்கவில்லை, ராடைத்தான் பார்த்தோம். அது அப்படியே இருந்தது. அம்மா மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

பரீட்சை நடந்த கட்டடத்துக்கு வாசலில் ஏழெட்டுப் படிகள், கைப்பிடி கிடையாது. பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். அப்பா இறங்கி வந்து, வழக்கம்போல அக்காவைத் தூக்கக் கையை நீட்டினார். அக்கா கட்டையை ஊன்றி, தானாகவே காரைப் பிடித்து எழுந்தாள். "வேணாம்பா. உள்ள எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க. நானே போறேன்" என்றாள்.

முதல் படி ஏறினாள். இரண்டாவது. மூன்றாவதில் கட்டை வழுக்கி, உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. அப்பா ஓட ஓர் அடி எடுத்து வைத்தார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முடிச்சுகள் மடியிலிருந்து மண்ணில் சரிந்தன, அவள் குனியவில்லை.

"வுடுங்க. அவ ஏறிடுவா."

அக்கா சுவரில் கை வைத்துச் சமாளித்து நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டையை மேல்படியில் வைத்தாள், காலை இழுத்து வைத்தாள். அப்படியே ஒவ்வொன்றாக. அவள் உள்ளே போன பிறகுதான் மணி அடித்தது.